பத்தொன்பது விநாடித் தங்கம்

நவி மும்பை சான்பாடாவில் எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் அதிகம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராக வளர்ந்தவர்கள், வீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு வாஷிப் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். காலையில் ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் யாரும் கழுத்தில் அசல் தங்கம் போடுவதில்லை. அறுத்துக்கொண்டு போனால் போனதுதான். அதனால் ஊருக்குப் போகும்போது சிதம்பரம் கவரிங் செயின் இரண்டு மூன்று வாங்கி வந்துவிடுவார்கள். அது கறுத்துப்போனால் இங்கேயே 'ஒன் கிராம் கோல்டு' கடைகள் இருக்கின்றன.

மூன்றாம் மாடிப் பெண் அப்படி வாங்கிய செயினைக் கொண்டுவந்து காட்டினாள். "அக்கா, நீங்க முலாம் பூசற கம்பெனியிலதானே இருக்கீங்க? இதைப் பாருங்க. வாங்கி ஆறு மாசம்கூட ஆகல, பின்கழுத்துப் பக்கம் செம்பு தெரியுது. ஒரு கிராம் தங்கம்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ஏமாத்திட்டாங்களா?"

துர்பே தொழிற்பேட்டையில் முலாம் பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. தொட்டிகளில் இருக்கும் கரைசல்களைச் சோதித்து எது குறைகிறது, எது கூடுகிறது என்று சொல்வேன். அவளுக்கு மாடிப்படியில் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலும் கணக்கோடு இங்கே.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். மின்சாரத்தால் முலாம் பூசுவதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். எவ்வளவு உலோகம் படிந்தது என்பதை எடை போடாமலே, ஓடிய மின்சாரத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் இரண்டு செப்புத் தகடுகளைத் தொங்கவிடுங்கள். ஒன்றை பேட்டரியின் பாசிட்டிவிலும் இன்னொன்றை நெகட்டிவிலும் இணையுங்கள். நெகட்டிவில் இணைத்த தகடுதான் எதிர்மின்வாய். பேட்டரி அதற்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கரைசலில் அலையும் செம்பு அயனி ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து நிற்கும் செம்பு அணு. எதிர்மின்வாயை அடைந்ததும் அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு முழு உலோகமாகி அங்கேயே படிந்துவிடுகிறது. நேர்மின்வாயில் நடப்பது இதன் மறுபக்கம். அங்கே செம்பு அணு தன் இரண்டு எலக்ட்ரான்களைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு அயனியாகக் கரைசலில் இறங்குகிறது. ஒரு தகடு தேய்கிறது, மற்றது வளர்கிறது, நடுவிலிருக்கும் நீலம் அப்படியே இருக்கிறது. மின்னாற்பகுப்பு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். வளரும் தகட்டின் இடத்தில் ஒரு செயினையோ சைக்கிள் ஹாண்டில்பாரையோ தொங்கவிட்டால் மின்முலாம்.

வோல்ட்டா 1800ல் தன் மின்கல அடுக்கை அறிவித்தார். அதே ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் அதைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டார்கள். 1807ல் ஹம்ஃப்ரி டேவி அதுவரை யாரும் தனியாகப் பார்த்திராத பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இதே வழியில் பிரித்தெடுத்தார். ஆனால் எங்கள் பட்டறைக்குச் சட்டம் எழுதியவர் டேவியின் உதவியாளராகச் சேர்ந்த மைக்கேல் ஃபாரடே. புத்தகம் பைண்ட் செய்யும் கடையில் வேலை பழகியவர். அவர் 1833, 1834ல் சொன்னது இரண்டே விஷயம். படியும் உலோகத்தின் எடை, ஓடிய மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரே அளவு மின்னூட்டம் வெவ்வேறு உலோகங்களைப் படியவைக்கும்போது, இன்றைய மொழியில் சொன்னால், அந்த எடைகள் அணு எடையையும் ஓர் அணு எத்தனை எலக்ட்ரான் கேட்கிறது என்பதையும் பொறுத்து அமையும்.

ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் வெள்ளி 4.02 கிராம் படியும். செம்பு 1.19 கிராம், நிக்கல் 1.09 கிராம். வெள்ளிக்கு அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் போதும், செம்புக்கும் நிக்கலுக்கும் இரண்டிரண்டு வேண்டும் என்பதால் இந்த வித்தியாசம். இந்தக் கணக்கின் மேல் அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு இருந்த நம்பிக்கையைப் பாருங்கள்: 1908ல் லண்டனில் கூடிய மாநாடு ஆம்பியர் என்ற அளவையே வெள்ளியால்தான் வரையறுத்தது. விநாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்சாரம் எதுவோ அதுவே ஒரு ஆம்பியர். அந்த வரையறை 1948 வரை உலகம் முழுக்கச் செல்லுபடியானது.

இப்போது செயினுக்கு வருவோம். அதன் எல்லாக் கண்ணிகளின் மேற்பரப்பையும் சேர்த்து நூறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த நகைக்குப் போடும் தங்கத்தை நாங்கள் 'ஃபிளாஷ்' என்போம். தடிமன் சுமார் 0.1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தங்கத்தின் அடர்த்தி 19.3. பெருக்கிப் பார்த்தால் அந்தச் செயினின் மேல் இருக்கும் தங்கம் மொத்தம் 19 மில்லிகிராம்தான்.

அதைப் படியவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? தங்கத் தொட்டியில் இருப்பது 'கோல்டு சால்ட்', பொட்டாசியம் தங்க சயனைடு. அதில் தங்க அணு ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரான்தான் கேட்கும். எனவே ஒரு ஆம்பியர் மணிக்கு 7.35 கிராம் தங்கம். நம் 19 மில்லிகிராமுக்கு அரை ஆம்பியர் மின்சாரம் சுமார் பத்தொன்பது விநாடி ஓடினால் போதும். நடைமுறையில் கொஞ்சம் வீணாகும், சில விநாடி கூடும். இதே செயினின் மேல் உண்மையிலேயே ஒரு கிராம் தங்கம் இருக்க வேண்டுமானால் தடிமன் ஐந்து மைக்ரானைத் தாண்டும். அரை ஆம்பியரில் பதினாறு நிமிடத்துக்கு மேல் தொட்டியிலேயே கிடக்க வேண்டும்.

ஆக, அவள் கழுத்தில் போட்டிருந்தது அநேகமாக விநாடிக் கணக்குத் தங்கம். 'ஒன் கிராம்' என்பது அந்த வகை நகைக்குக் கடைத்தெருவில் நிலைத்துவிட்ட பெயர். கடைக்காரரிடம் "எத்தனை மைக்ரான்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

பின்கழுத்தில் மட்டும் ஏன் முதலில் போனது? அங்கேதான் உராய்வும் வியர்வையும் அதிகம். தங்கத்தை வியர்வை ஒன்றும் செய்யாது. ஆனால் 0.1 மைக்ரான் படலம் முழுக்க மூடிய படலமாக இருப்பதில்லை, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வியர்வையின் உப்பு அவற்றின் வழியே இறங்கி அடியிலிருக்கும் செம்பைத் தொடுகிறது. போதாததற்குச் செம்பு அணுக்களே மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வரும். இதைத் தடுக்கத்தான் செம்புக்கும் தங்கத்துக்கும் நடுவில் நிக்கல் போடுவது. நிக்கல் போட்டால் நகை நாள்பட உழைக்கும். ஆனால் சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது, காது மடலும் கழுத்தும் அரித்துச் சிவந்துவிடும். ஐரோப்பாவில் தோலைத் தொடும் நகைகளிலிருந்து எவ்வளவு நிக்கல் வெளிவரலாம் என்பதற்கு 1994லேயே வரம்பு கொண்டுவந்துவிட்டார்கள். தோடு போட்டால் உங்கள் பிள்ளைக்குக் காதில் நீர் கோத்துப் புண்ணாகிறது என்றால் தங்கத்தைக் குறை சொல்லாமல் அடியிலிருக்கும் நிக்கலைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மின்சாரம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகப் போகாது. முனைக்கும் விளிம்புக்கும் அதிகமாகப் போகும், குழிக்கும் கண்ணியின் உள்பக்கத்துக்கும் குறைவாகப் போகும். 0.1 மைக்ரான் என்பது சராசரிதான். கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில், எங்கே அதிகம் வேண்டுமோ அங்கே, அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எங்கள் ஆய்வகத்தில் ஹல் செல் என்று ஒரு சிறு தொட்டி இருக்கிறது. 267 மில்லி கரைசல் பிடிக்கும். ஒரு சுவர் சாய்வாக இருக்கும். அதில் வைக்கும் தகட்டின் ஒரு முனை நேர்மின்வாய்க்கு அருகிலும் மறுமுனை தூரத்திலும் இருப்பதால், பல அளவு மின்சாரத்தில் முலாம் எப்படி விழும் என்பது ஒரே தகட்டில் தெரிந்துவிடும். கிட்டத்து முனை கருகியிருக்கும், நடுவில் கண்ணாடிபோல் மின்னும், தூரத்து முனை மங்கலாக இருக்கும். அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது தொட்டியே என்னோடு பேசுவது போல இருக்கும்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த மாஸ்டர் தாராவி தொண்ணூறடி ரோட்டுக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்த என்னை முதலில் ரெக்டிஃபையர் பக்கமே விடவில்லை. "தாயி, கரண்டு குடுக்கிறது சின்னப் புள்ளைகூட குடுக்கும். கழுவத் தெரியுதா பாரு" என்பார். பஃபிங் போட்டு மெருகேற்றிய பொருளில் மெழுகும் எண்ணெயும் கைரேகையும் ஒட்டியிருக்கும். காரக் கரைசலில் எண்ணெய் எடுக்க வேண்டும், மின்சாரம் கொடுத்து மறுபடி சுத்தம் செய்ய வேண்டும், ஆசிட்டில் முக்கித் துருவும் ஆக்சைடும் போக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீரில் அலச வேண்டும். கடைசியாகத் தூக்கிப் பிடிக்கும்போது மேலே நிற்கும் தண்ணீர் ஒரே படலமாக இருந்தால் சுத்தம். எங்காவது உடைந்து முத்து முத்தாக நின்றால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது, முலாம் அங்கே ஒட்டாது, பின்னாளில் தோல்போல உரிந்து வரும். கருவியே வேண்டாத சோதனை இது. நல்ல கண் வேண்டும், அவசரப்படாத மனசு வேண்டும். பெரிய ஆர்டர் வரும்போது பட்டறைகள் முதலில் வெட்டுவது இந்த நேரத்தைத்தான். உரியும் முலாமில் பெரும்பகுதிக்குக் காரணமும் அதுதான்.

மின்சாரம் வருவதற்கு முன்னும் முலாம் இருந்தது. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பொருளின் மேல் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். தங்கம் நிற்கும். ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்குக் கை நடுங்கும், பல் உதிரும், மூளை கலங்கும். 1840ல் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் சயனைடு கரைசலில் மின்முலாம் பூசக் காப்புரிமை வாங்கிய பிறகு அந்தப் பாதரச வேலை மெல்ல மறைந்தது. பல உயிர்களைக் காத்த மாற்றம்தான். ஆனால் பாதரசம் போன இடத்துக்குச் சயனைடு வந்தது. மாஸ்டர் பட்டறையில் ஆசிட் வாளியும் சயனைடு வாளியும் ஒரே வரிசையில் நிற்க முடியாது. இரண்டும் கலந்தால் எழும் ஹைட்ரஜன் சயனைடு வாயு ஆளைக் கொன்றுவிடும்.

தமிழ்நாட்டில் இந்த மின்வேதியியலுக்கென்றே ஓர் ஊர் உண்டு, நம்மில் பலர் அதைச் செட்டிநாட்டு வீடுகளுக்கும் சமையலுக்கும் மட்டுமே நினைக்கிறோம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் முன்னூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் நேரத்தில், அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லாத வறண்ட சீமையில் ஒரு தேசிய ஆய்வகம்! முலாம், மின்கலம், துருத் தடுப்பு, உலோகப் பிரிப்பு என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீரை மின்னாற்பகுத்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலைகளில் முன்பு கிராஃபைட் நேர்மின்வாய்கள்தான். அவை தேய்ந்துகொண்டே போகும், மின்சாரமும் கூடுதலாகத் தின்னும். அதற்குப் பதிலாக டைட்டானியத்தின் மேல் ஆக்சைடு பூசிய, தேயாத நேர்மின்வாயைக் காரைக்குடிக்காரர்கள் உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். துருவைப் படிக்க மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையமும் வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்று வீசும் பாம்பன் பக்கம் இரும்பு என்ன பாடுபடும் என்பது ராமேஸ்வரம் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். நவி மும்பையின் கழிமுகக் காற்றில் எங்கள் ஜன்னல் கம்பிகள் படும் பாடும் அதே வகைதான்.

இனி நான் சொல்லவே வேண்டும் என்று நினைத்த விஷயம். உலோகம் எங்கும் தொலைந்துபோவதில்லை. தொட்டிக்குள் போன நிக்கலும் குரோமும் பொருளின் மேல் இருக்கும், அல்லது தொட்டியில் இருக்கும், அல்லது அலசிய தண்ணீரில் இருக்கும். நான்காவது இடம் என்று ஒன்று இருந்தால் அது தொழிலாளியின் உடம்பு.

குரோம் இதற்கு மோசமான உதாரணம். தொட்டியில் குரோம் ஆறு எலக்ட்ரான் கேட்கும் நிலையில் இருக்கிறது. எனவே ஒரு ஆம்பியர் மணிக்குக் கணக்குப்படியே 0.32 கிராம்தான் வரும். அதிலும் ஓடும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குரோமுக்குப் போவதில்லை, மீதி ஹைட்ரஜன் குமிழாகிறது. குமிழ்கள் மேலே வந்து உடையும்போது குரோமிக் அமிலத்தை நுண்துளிகளாகக் காற்றில் தெளிக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் பொருள். உறிஞ்சும் விசிறி இல்லாத பட்டறைகளில் பல ஆண்டு நின்றவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகிவிடும். இத்தனைக்கும் ஒரு பைக் ஸைலன்ஸரின் மேல் நாம் பார்க்கும் நீலம் கலந்த அந்தக் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. துருவைத் தடுப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல்.

குரோமியம் மண்ணுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது. முலாம் பட்டறை அல்ல, தோல் பதனிடவும் மற்றவற்றுக்கும் குரோமேட் ரசாயனங்கள் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம். தொண்ணூறுகளின் நடுவில் அது மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அங்கேயே விடப்பட்டது. மழை அதைக் கரைத்து நிலத்தடி நீரில் இறக்கியது. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தது. ஆலை மூடிய பிறகு பிறந்தவர்கள் இன்றைக்குப் பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களில் யாரும் அந்த ஆலையில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

பட்டறையில் இதைத் தடுக்க முடியும், வழி புதிதும் அல்ல. குரோம் தண்ணீரை அமில நிலையில் வைத்து பைசல்ஃபைட் போட்டால் ஆரஞ்சு நிறம் பச்சையாகும், அதாவது ஆறு இணைதிறன் மூன்றாக இறங்கிவிட்டது. பிறகு சுண்ணாம்பு போட்டால் சேறாக அடியில் படிந்துவிடும். சயனைடு தண்ணீரைக் காரநிலையில் ஹைப்போகுளோரைட்டால் உடைக்க வேண்டும். வெளியே விடும் நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமையும் சயனைடு 0.2 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. மிஞ்சும் சேற்றை மூட்டை கட்டி, இங்கே என்றால் தலோஜாவில் இருக்கும் அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

அதைவிடச் சுலபம், அலசும் தண்ணீரைக் குறைப்பது. தொட்டியிலிருந்து பொருளோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும் கரைசலை டிராக்-அவுட் என்போம். ஒரு லிட்டர் டிராக்-அவுட்டை ஆயிரம் மடங்கு நீர்க்கவைக்க ஒரே தொட்டியில் அலசினால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, பொருள் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த் திசையிலும் போகும்படி செய்தால் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டி வைத்தால் பத்தே லிட்டர்! பார்வி அணையிலிருந்து வரும் தண்ணீருக்குப் பணம் கட்டும் பட்டறைக்கு இதைவிட லாபமான முதலீடு எது? கூடவே, தொட்டியின் மேல் பொருளைப் பத்து விநாடி கூடுதலாகப் பிடித்து வடியவிட்டாலே டிராக்-அவுட்டில் கணிசமான பங்கு தொட்டிக்கே திரும்பிவிடும். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பையன் அந்தப் பத்து விநாடியை ஏன் கொடுக்கப் போகிறான்? அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி போட்டால் கொடுப்பான். செயினில் தங்கத்துக்குப் போகும் நேரம் பத்தொன்பது விநாடி, வடியவிட இன்னொரு பத்து. விலை குறைந்த முலாம் என்றால் இந்தப் பத்து விநாடியை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பதே என் அனுபவம்.

வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் ஃபாரடேயைச் சாப்பாட்டு மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி டம்ளர், மயில்துத்தம் இரண்டு ஸ்பூன், தடித்த செப்புக் கம்பி இரண்டு, டார்ச் பேட்டரி, ஒரு மல்டிமீட்டர், நகை எடை போடும் சின்னத் தராசு. கம்பிகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, தனித்தனியாக எடை குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 0.2 ஆம்பியர் வரும்படி கம்பிகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டால் ஒரு கம்பி 0.24 கிராம் ஏறியிருக்கும், மற்றது ஏறக்குறைய அவ்வளவே இறங்கியிருக்கும். செம்பு பஞ்சுபோலப் படிந்து உதிர்ந்தால் மின்சாரம் அதிகம், குறையுங்கள். செப்புக் கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் ஸ்பூனை நேர்மின்வாயாக வைக்கவே வைக்காதீர்கள், அதிலிருந்து மேலே சொன்ன அதே ஆறு இணைதிறன் குரோமியம் வரலாம். சமையல் உப்பும் போடாதீர்கள், குளோரின் வரலாம். கையுறை போடுங்கள், அந்த டம்ளரை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முடிந்ததும் நீலத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். அதில் இரும்பு நாரைப் போட்டு ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். இரும்பு கரைந்து, செம்பு அதன் மேல் செந்தூளாக வந்துவிடும், நீலம் வெளுத்துவிடும். வடிகட்டிய தூளைக் காயவைத்து எடை போட்டால், போட்ட மயில்துத்தத்தில் எவ்வளவு செம்பு இருந்தது என்ற தோராயக் கணக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.